அருகிலுள்ள களஞ்சியம்

1924இல் புகைவண்டி பதுளையை அடைந்தது. அரிசி மூட்டைகள் கொழும்பிலிருந்து மலையேறி வந்து தோட்டத்துக் களஞ்சியங்களில் இறங்கின. ஆளுக்கொரு படி அரிசிக்காக நம் பாட்டன்மார் கொழும்புக்கே நடந்திருந்தால் அவர்கள் பாடு என்னாகியிருக்கும்?

இணையத்திற்கும் இவ்விடர் நேர்ந்தது. வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, நெரிசல் வரப்போவதை 1995இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தம் சகாக்களுக்கு எடுத்துரைத்தார். பேராசிரியர் டொம் லெய்டனும் அவர் மாணவர் டானியல் லெவினும் கணிதத்தால் வழி கண்டனர். 1998இல் அக்கமாய் நிறுவனம் தோன்றியது. பக்கங்களின் பிரதிகள் பல ஊர்க் கணினிகளில் வைக்கப்பட்டன. நாம் ஒரு தளத்தின் பெயரைக் கேட்டதும், பெயரை முகவரியாக்கும் கணினி, விரைவில் விடைதரவல்ல களஞ்சியத்தின் முகவரியைத் தருகிறது. தூரத்தோடு நெரிசலும் கணக்கில் சேரும். ஒரு களஞ்சியம் பழுதானால் அதன் பங்கு மட்டுமே இடம்மாறும். மற்றவை பெரும்பாலும் அசையா. கணக்கின் அழகு அதிலேதான் உள்ளது! லெவின் 2001 செப்டெம்பர் 11ஆம் திகதி கடத்தப்பட்ட விமானத்தில் மாண்டார். வயது 31.

பிரதி கொழும்பிலிருந்தால் கேள்வி கடல் கடக்க வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து நம் லயம் வரையுள்ள வழியை யார் சுருக்குவது? 2021இல் பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவக் கிராமப் பிள்ளைகள், இணையவழிப் பாடத்திற்கு அலைவரிசை தேடிக் காட்டு வழியே மலையேறினர்.