தோட்ட மருத்துவமனையும் இனிப்பு நீரும்

சுங்கை சோ என்றால் இன்று பெரோடுவா வாகனத் தொழிற்சாலையே நினைவுக்கு வரும். அங்கிருந்து கோல சிலாங்கூர் வரை ஒரு காலத்தில் இரப்பர்க் காடுகள். அவற்றின் வரலாற்றை எழுதுவோர் கங்காணியைக் கூறுவர். தோட்ட மருத்துவமனையைக் கூறுவது அரிது.

அம்மருத்துவமனையை உருவாக்கியது மலேரியாவின் அச்சமே எனலாம். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒடுக்கினார். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் முதலாளியின் கடமைகளுள் வைத்தது. எனினும், கொய்னா கொடுத்துக் காய்ச்சலைத் தணித்து, ஆளை மீண்டும் மரம் வெட்ட அனுப்புவதே அதன் நோக்கம். வேலைநாள் குறையலாகாது; அவ்வளவுதான்.

இனிப்பு நீரோ வந்து போகும் நோயன்று. சித்த நூல்கள் இதனை மதுமேகம் என்றன. தமிழகத்தார் சர்க்கரை நோய் என்பர். நாமோ மலாய் மொழியின் 'கென்சிங் மானிஸ்' என்பதற்கு நேராக இனிப்பு நீர் என்கிறோம். மாணவர்க்கு இதுவும் ஒரு சொல்லாராய்ச்சியே!

1922 சனவரியில் தொராண்டோ நகரில் 14 அகவைச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. 1936இல் ஹிம்ஸ்வொர்த் என்பார், இன்சுலினுக்கு எளிதில் இணங்குவோர், இணங்காதோர் என நோயாளரை இருவகைப்படுத்தினார். இரண்டாம் வகையினர்க்கு மருந்தைக் காட்டினும் நெடுநாள் கண்காணிப்பே தேவை. ஆகவே, சுமை தாதியர் தோளில் ஏறிற்று.

விரலில் ஊசி குத்திக் குருதியைச் சோதிக்கும் கருவி வருமுன், பெனடிக்ட் கரைசலே அவர்க்குத் துணை. 5 மில்லிலிட்டர் கரைசலில் 8 துளிச் சிறுநீரிட்டுக் காய்ச்சுவர். நீலம் மாறாவிடில் நலம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எனச் செங்கல் நிறம் வரை மாறினால் சர்க்கரை மிகுதி. கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிநீரிலிட்டு, ஊசி போடும் இடத்தை நாள்தோறும் மாற்றி, ஊசிக்குப்பின் உணவு தாமதமாகாமல் பார்ப்பர். தாமதமானால் வியர்வை, நடுக்கம், மயக்கம். உடனே சர்க்கரை நீர் புகட்டவேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது பாதம். உணர்விழந்த காலில் முள் தைத்தாலும் வலி தெரியாது. விரலிடுக்கைத் துடைத்துப் புண் தேடும் தாதியின் பணி சிறிதாகத் தோன்றும். காலை இழப்பதும் காப்பதும் அதனாலேயே என்பதை மறுப்பதற்கில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானபோது தோட்ட மருத்துவமனைகளும் மறைந்தன. நோய் மறையவில்லை. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வில் நாட்டுப் பெரியோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு, இந்தியருள் 31.4 விழுக்காடு. அரசு மருத்துவமனையில் பாட்டிக்குக் கால் கழுவும் முறையைத் தாதி மலாயில் விளக்க, அருகே நின்று தமிழில் சொல்வது பெரும்பாலும் பள்ளி செல்லும் பேத்திதான்.