சிற்றிலும் தேரிமணலும்: உடன்குடி வட்டாரச் சிறாரின் புறவிளையாட்டுக் குறித்து ஓர் ஆய்வு

விளையாட்டு என்னும் பொருளில் கெடவரல், பண்ணை என்னும் இரண்டு உரிச்சொற்களைத் தொல்காப்பியர் தருகின்றார். மெய்ப்பாட்டியலில், செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டையும் ஒருங்கெண்ணி, உவகை பிறக்கும் நிலைக்களன்களுள் ஒன்றாக அதனை வைக்கின்றார். கெடவரல் என்னும் சொல் இன்று உரையாசிரியர் துணையின்றிப் பொருள்படுவதன்று. பண்ணை என்பதோ வழக்கில் உளது. ஆயின் வேலியிட்ட விளைநிலத்தையும் கோழி வளர்க்கும் இடத்தையுமே அது குறிக்கின்றது. சொற்பொருள் மாற்றம் ஒன்றையே சான்றாகக் கொண்டு சமுதாய வரலாறு எழுதுதல் தகாது. எனினும் விளையாட்டுச் சொல் வேலியிட்ட நிலத்தின் பெயராய் நிலைத்திருத்தல் இக்கட்டுரைப் பொருளுக்குப் பொருந்தி வருவதாகும்.

சிறார் விளையாட்டு அருகிவிட்டது என்னும் இரங்கல் நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. மணலிற் பாவை செய்து பூச்சூட்டியதும், மருதக் கிளையினின்று ஆழ்ந்த மடுவிற் குதித்து அடிமணலை அள்ளி வந்ததும் ஆகிய இளமையை எண்ணித் தண்டூன்றிய முதியோன் ஒருவன் வருந்துவதைப் புறநானூற்று 243ஆம் பாட்டிற் காண்கிறோம். தொடித்தலை விழுத்தண்டினார் இரங்குவது தம் இளமை கழிந்தமைக்கேயன்றி, ஊர்ச்சிறுவர் மடுவிற் பாய்வதை விட்டனர் என்பதற்கன்று. இவ்விரு வகை இரங்கலையும் பிரித்தறியாமல் எழுதப்படும் கட்டுரைகள் இன்று மிகப் பல. இங்கிலாந்தில் ஓப்பி இணையர் தெருவிளையாட்டுகளை நேரிற் கண்டு தொகுத்து 1969இல் நூலாக்கினர். பிள்ளைகள் விளையாட மறந்தனர் என்பது பெரியோர் ஒவ்வொரு தலைமுறையிலும் கூறும் கூற்று என மறுத்தவர் அவர். அம்மறுப்பை ஏற்றுக்கொண்டே, உடன்குடி வட்டாரத்தில் மெய்யாகவே மாறியது யாது எனக் காண முயல்வோம்.

முதற்கண் இலக்கியச் சான்றுகளை இருவகைப்படுத்தல் வேண்டும். குறுந்தொகை 61ஆம் பாட்டில் வரும் சிறுதேர் தச்சன் செய்து தந்தது. பட்டினப்பாலையில் பரதவர் பட்டினத்துச் செல்வச் சிறுவர் உருட்டும் மூவுருளைத் தேரும் அத்தகையதே. இவை பெரியோர் பிள்ளைகட்கு அளித்த விளையாட்டுப் பொருள்கள். மணற்சிற்றில் அங்ஙனமன்று, அதனை எவரும் செய்து தருவதில்லை. நற்றிணை 172ஆம் நெய்தற்பாட்டில் தோழியரொடு விளையாடிய சிறுமி புன்னை விதை ஒன்றை வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்துபோகின்றாள். அது முளைத்து மரமாகி, தாயின் வாயால் ‘உன் தங்கை’ எனப் பெயர்பெறுகின்றது. ஏவுவாரும் காவலும் இல்லாத விளையாட்டின் இயல்பை இதனினும் தெளிவாகக் காட்டும் பாட்டு வேறொன்று உளதோ என ஐயுறுகின்றேன்.

வியப்பு யாதெனின், இத்தகைய தன்னிச்சை விளையாட்டு இலக்கியத்தில் இடம்பெறுவது பெரும்பாலும் அது மறக்கப்படும்போதோ சிதையும்போதோதான். கலித்தொகை 51ஆம் பாட்டிற் கபிலர் காட்டும் சிற்றில் தெருவிற் காலால் எற்றப்படுகின்றது. ஆண்டாள் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுமையும் சிற்றில் சிதையேல் என்னும் வேண்டுகோளே. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற்பருவமும் அதுவே. உடன்குடிக்கு வடக்கே உள்ள திருச்செந்தூர் முருகன்மேற் பகழிக்கூத்தர் பாடிய பிள்ளைத்தமிழும் இம்மரபில் அமைந்தது. அதனைப் பாடஞ்சொல்லும்போது பழைய உரை தரும் ‘மணல்வீடு’ என்னும் பொருள் முன்பு போதுமானதாயிருந்தது. இன்று மணல்வீட்டிற்கும் விளக்கம் கூறவேண்டியுளது. ஈரமணலிற் கால்புதைத்து, மேலே தட்டி இறுக்கி, மெல்லக் காலை உருவினால் எஞ்சுவதே வீடு எனக் கைச்செய்கையாற் காட்டினேன். மாணவர் சிரித்தனர். பாட்டின் துயரம் அவர்க்கு எட்டியதோ அறியேன்.

உடன்குடி, பனையும் மணலும் சூழ்ந்த ஊர். கிழக்கே குலசேகரன்பட்டினமும் தெற்கே மணப்பாடும் கடற்கரையூர்கள். வடமேற்கில் குதிரைமொழித் தேரியின் செம்மணல். உடன்குடிக் கருப்பட்டி நாடறிந்தது. இங்குச் சிறாரின் விளையாட்டுப் பொருள்களைப் பனையே தந்தது. நுங்கு தின்றபின் எஞ்சும் காய்கள் இரண்டை ஒரு கம்பிற் கோத்து, கவட்டைக்கோலால் தள்ளினால் வண்டி. ஓலைக்கீற்று இரண்டைக் குறுக்கே வைத்து உடைமுள்ளாற் குத்தினால் காற்றாடி. பந்தும் பாம்பும் கிலுகிலுப்பையும் ஓலையாலாயின. காசு கொடுத்துப் பெற்றது ஒன்றுமில்லை. உடைந்தால் அழுவாரும் இல்லை. பிள்ளைத்தமிழ்ப் புலவர் பாடிய சிறுதேர் பொன்னும் மணியும் பதித்தது. அதனைப் பாடிய நாட்டில் ஏழைப் பிள்ளை உருட்டிய தேர் பனங்காய்த் தேரே. அத்தேர் பாட்டில் ஏறவில்லை.

இதனைப் பொற்காலமாக்கிக் காட்டுதல் பிழையாகும். பதநீர்ப் பருவத்தில் பனையேறும் குடும்பம் முழுதும் விளைகளிற் குடிசையிட்டு வாழ்ந்தது. விடியுமுன் பதநீர் சுமந்ததும், கருப்பட்டி காய்ச்சும் அடுப்புக்குச் சுள்ளியும் காவோலையும் பொறுக்கியதும் பிள்ளைகளே. வேலைக்கிடையே கிடைத்த பொழுதே விளையாட்டுப் பொழுது. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் 1982இன் சத்துணவுத் திட்டமும் அப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்த்தன. அதனை இழப்பெனக் கூறுவார் உளரேல் அவர் பதநீர்க் கலயம் சுமந்தறியாதவர். பெண்மக்களுக்கோ புறவிளையாட்டு என்றும் ஓர் அகவையளவில் முடிந்துவிட்டது. அகப்பாடல்கள் அதனை இற்செறிப்பு என்னும். அவ்வழக்கம் சங்ககாலத்தோடு ஒழியவில்லை.

அங்ஙனமாயின் மாறியது யாது? இடமும் பொருளும் பொழுதும் ஆகிய மூன்றும் ஒருங்கே மாறியமைதான். உடையவர் தடுக்காத வெற்றிடங்களிற் பலவற்றைச் சீமைக்கருவேல் மூடிற்று. வெறுங்காலுக்கு அம்முள் பகை. கல்லாமொழியில் 2 × 660 மெகாவாட் அனல்மின் திட்டத்திற்கும், 28.2.2024 அன்று அடிக்கல் நாட்டப்பெற்ற குலசேகரன்பட்டினம் ஏவுதளத்திற்கு 2,000 ஏக்கருக்கு மேலும் நிலம் எடுக்கப்பெற்றது. இவை நாட்டிற்கு வேண்டுவனவாதல் கூடும். சுற்றி மதில் எழும் என்பதே ஈண்டுக் குறிக்கத்தக்கது. பனையேற்றம் குறையவே நுங்கும் விலைப்பொருளாயிற்று. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் இசைவு வேண்டும் என 2021இல் அரசு அறிவித்தது. மரம் காக்கப்படினும் அதன் கீழே வாழ்ந்த குடிசை திரும்பாது. பள்ளிக்குப் பின்னுள்ள மாலைப்பொழுதைத் தனிப்பயிற்சி வகுப்பும் கைப்பேசியும் பங்கிட்டுக் கொண்டன.

ஒன்று கருதத்தக்கது. சடுகுடு அழியவில்லை. கோடும் காலவரையும் நடுவரும் பெற்று, கபடி என்னும் பெயரோடு 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாயிற்று. போட்டியாக மாற்றத்தக்கவை வாழ்கின்றன. வெற்றி தோல்வி இல்லாத சிற்றிலுக்கு நடுவர் யார்? இக்காரணத்தால், விளையாட்டுத் திடல் ஒன்று அமைத்தால் குறை நீங்கும் என்னும் கருத்து எனக்கு உடன்பாடன்று. திடல் பட்டினப்பாலைச் சிறுதேரின் வழிவந்தது. நற்றிணைப் புன்னை முளைத்த மணல் வேறு.

தேவநேயப் பாவாணர் 1954இல் வெளியிட்ட தமிழ்நாட்டு விளையாட்டுகள் என்னும் நூல் பகலாட்டு, இரவாட்டு, இருபொழுதாட்டு எனப் பகுத்து வண்டியுருட்டலையும் எண்ணுகின்றது. இரவாட்டு எனத் தனிவகை வகுக்கும் அளவிற்கு நிலவொளியிற் பிள்ளைகள் வெளியே இருந்தனர் என்பதற்கு அப்பகுப்பே சான்று. உடன்குடி வட்டாரத்து ஆட்டப் பெயர்களையும், ஆடும்போது சொல்லும் எண்ணுப்பாடல்களையும், தேரிப்புறத்து வழக்கிற்கும் கரையூர் வழக்கிற்கும் உள்ள வேறுபாட்டையும் முதுகலை மாணவர் எவரேனும் தொகுக்க எண்ணின், விளைக்குடிசைகளில் வளர்ந்தோரையே முதலிற் காணல் வேண்டும். அவருட் பலர் எழுபது அகவையைக் கடந்துள்ளனர்.