துருவ வெண்பனியின் அடர்த்தியை அளத்தல்: ஒரு வரலாறு

துருவப் பகுதிகளில் பனி கூடுகிறதா, குறைகிறதா என்று அறிய அதன் உயரத்தை அளந்தால் மட்டும் போதாது. அடர்த்தியும் தெரிய வேண்டும். ஒரு கன மீட்டர் பனிக்கட்டியின் நிறை சுமார் 917 கிலோகிராம். பனிவிரிப்பின் மேற்பரப்பில் உள்ள வெண்பனியில் காற்று நிறைந்திருப்பதால், அதன் நிறை பெரும்பாலும் 300 முதல் 400 கிலோகிராம்தான். எனவே மேற்பரப்பு ஒரு மீட்டர் தாழ்ந்தால், பனி உருகிக் கடலில் கலந்திருக்கலாம். அல்லது வெண்பனி இறுகியிருக்கலாம். முன்னதில் கடல்மட்டம் உயரும், பின்னதில் உயராது.

தொடக்கத்தில் இந்த அளவீடு கைகளால் செய்யப்பட்டது. ஆல்ஃபிரட் வெக்னரின் கிரீன்லாந்துப் பயணக் குழுவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் சோர்கே, 1930–31 குளிர்காலத்தில் ஐஸ்மிட்டே நிலையத்தில் சுமார் 15 மீட்டர் ஆழக் குழி தோண்டி, ஆழத்திற்கேற்ப அடர்த்தி எவ்வாறு கூடுகிறது என்று அளந்தார். தட்பவெப்பமும் பனிப்பொழிவும் மாறாதவரை இந்த அடர்த்தி அமைப்பும் மாறாது என்ற கருத்து பின்னர் 'சோர்கே விதி' எனப் பெயர் பெற்றது.

ஆனால் ஒரு குழி ஓர் இடத்தின் நிலையை மட்டுமே காட்டும். பரந்த பரப்பைக் காணும் வாய்ப்பைச் செயற்கைக்கோள்கள் தந்தன. 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 முதல், பனி இயல்பாக உமிழும் நுண்ணலைகள் விண்ணிலிருந்து தொடர்ந்து பதிவாகின்றன. மேற்பரப்பு அடர்த்தியானால், கிடை முனைவாக்கம் கொண்ட அலைகள் பனி–காற்று எல்லையில் கூடுதலாக உள்நோக்கித் திருப்பப்படும். நிலைக்குத்து அலைகள் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. இவ்விரண்டின் விகிதத்திலிருந்து அடர்த்தி மாற்றத்தை ஊகிக்கலாம்.

இதன் தேவையை 2012 ஜூலை உணர்த்தியது. கிரீன்லாந்துப் பனிவிரிப்பின் மேற்பரப்பு ஏறக்குறைய முழுவதும் சில நாட்கள் உருகி, மீண்டும் உறைந்தது. அதுவரை உலர்ந்த வெண்பனிக்குள் ஊடுருவிச் சென்ற கிரையோசாட்-2இன் ரேடார் அலைகள், புதிய பனிக்கட்டி அடுக்கில் பட்டு மேலிருந்தே திரும்பின. உட்பகுதியில் மேற்பரப்பு சுமார் அரை மீட்டர் உயர்ந்துவிட்டதுபோல் தரவு காட்டியது. உண்மையில் அவ்வளவு பனி சேரவில்லை. மாறியது பனியின் அமைப்பே.

2002இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஈர்ப்பு மாற்றத்தின் வழியாக நிறை மாற்றத்தை அளந்தன. எனினும் பல நூறு கிலோமீட்டர் பரப்பின் சராசரியையே அவை தர முடிந்தது. ஆகவே உயரம், ஈர்ப்பு, நுண்ணலை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. அவற்றைச் சரிபார்க்க, சோர்கேயைப் போலவே இன்றும் ஆய்வாளர்கள் பனியில் குழி தோண்டுகிறார்கள்.