மான் வேட்டையும் துப்பாக்கி வலிமையும்



கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை நாம் அறிவோம். அவன் விடுத்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பின் உடலிற் சென்று தங்கியது எனப் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் பாடியுள்ளார். வில்லின் வலிமைக்கு இதனினும் பெரிய புகழ் உண்டோ? ஆயினும் அப்பாட்டைப் பயிலுந்தோறும் ஒரு வினா எழுகின்றது. குறித்த இலக்கைக் கடந்தும் செல்லும் ஆற்றல் புகழ்தற்குரியதா, அஞ்சுதற்குரியதா?

வில் போய்த் துப்பாக்கி வந்த காலத்தில், உலகெங்கும் சட்டம் வகுத்தோர் இவ்வினாவை எதிர்கொண்டனர். மானை வேட்டையாட வலிமை மிக்க ரைபிளை அனுமதிக்கலாமா என்பதே அது. இவ்வழக்கில் இரு கட்சிகள் உண்டு. இரண்டிலும் நியாயம் உண்டு.

வேண்டும் என்பார் கூறுவது இது: வலுவற்ற துப்பாக்கி மானைக் கொல்வதில்லை, புண்படுத்துகின்றது. ரவைத் துப்பாக்கி ஏறத்தாழ ஐம்பது கஜத்துக்கு அப்பால் மானின்மீது நம்பத்தக்கதன்று. அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடி, நாட்கணக்கில் வதைபட்டு மடியும். ஆகவே கொல்வதாயின் ஒரே குண்டில் கொல்வதே அருள் என்பர்.

வேண்டா என்பார் மறுப்பதும் எளிதில் தள்ளத்தக்கதன்று. .303 ரைபிளின் குண்டு குழலை விட்டு நீங்குகையில் நொடிக்கு 2,440 அடி விரைவில் பாய்கின்றது. தடையில்லையேல் இரண்டு மைலுக்கு அப்பாலும் சென்று விழும். மானுக்குப் பின்னே மலை இருந்தால் நன்று. மாடு மேய்க்கும் சிறுவன் இருந்தால் என்ன செய்வது? மேலும், எட்டாத் தொலைவிலிருந்து எளிதிற் கொல்ல இயலுமாயின் காட்டில் மான் மிஞ்சுமா என்றும் அவர்கள் கேட்பர்.

இங்கிலாந்து இவ்வழக்கில் முதற் கட்சியின் பக்கம் நின்றது. 1963ஆம் ஆண்டின் மான் சட்டம், .240 அங்குலத்துக்குக் குறைந்த குழல் விட்டமோ, 1,700 அடி-பவுண்டுக்குக் குறைந்த ஆற்றலோ உடைய ரைபிளால் மானைச் சுடலாகாது என விதித்தது. அமெரிக்காவிலோ, மக்கள் நெருங்கி வாழும் சமவெளி மாநிலங்கள் சில, குண்டு நெடுந்தொலைவு செல்லும் என்று அஞ்சி, மானுக்கு ரவைத் துப்பாக்கியே போதும் என்று நெடுங்காலம் விதித்திருந்தன. ஓரிடத்தில் மானின் துன்பம் சட்டமாயிற்று. மற்றோரிடத்தில் அண்டை வீட்டானின் உயிர் சட்டமாயிற்று.

இனி நம் நாட்டின் வரலாற்றைக் காண்போம். இங்கே துப்பாக்கிச் சட்டம் மானுக்காகப் பிறக்கவில்லை; அரசின் அச்சத்தால் பிறந்தது. லிட்டன் பிரபு இயற்றிய 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியருக்கோ விலக்கு. மறு ஆண்டே, 1879இல், சென்னை அரசு நீலகிரிக்கென வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆண்டின் ஒரு பகுதியில் வேட்டை கூடாது என்பது அதன் சாரம். நல்ல விதிதான். ஆயினும் அதனை வேண்டியோர் தம் வேட்டை குன்றுகின்றதே என வருந்திய வெள்ளையர். வலையும் கண்ணியும் இழிந்தவை, ரைபிளே வீரம் என்பது அவர்தம் கொள்கை. உணவுக்காகக் கொன்றவன் திருடனானான். கொம்புக்காகக் கொன்றவன் வீரனானான்.

அக்காலத்திலும் தெளிந்த பார்வையுடையோர் இல்லாமல் இல்லை. மைசூர் அரசின் பணியிலிருந்து, கெட்டா முறையில் யானை பிடித்துப் பெயர் பெற்ற சாண்டர்சன் என்பார் 1878இல் வெளியிட்ட நூலில் ஒரு கருத்தை எடுத்துரைத்தார். மானையும் பன்றியையும் கட்டுக்குள் வைத்து உழவனின் பயிரைக் காப்பது புலியே. ஆதலால் அதனை அடியோடு அழிப்பது அறிவன்று என்பது அது. அவரும் பெரு வேட்டைக்காரரே என்பது கருதத்தக்கது.

கரிமருந்து போய்க் கார்டைட் என்னும் புகையற்ற மருந்து வந்தபின் ரைபிளின் வலிமை பன்மடங்காயிற்று. 1898இல் ரிக்பி நிறுவனத்தார் .450 ரைபிளை வெளியிட்டனர். சில ஆண்டுகளுக்குள் இந்தியாவில் அவ்விட்டத்துக்குத் தடை வந்தது. விலங்குகளின்மீது இரக்கமோ காரணம்? அன்று. கிளர்ச்சிக்காரர் கையிலிருந்த பழைய பட்டாளத் துப்பாக்கிகளுக்கு அத்தோட்டாக்கள் பயன்படலாம் என்ற அச்சமே காரணம். உடனே 1907இல் ஹாலண்டு நிறுவனத்தார் .465 என்னும் புதிய விட்டத்தைப் படைத்தனர். சட்டம் ஓர் எண்ணைத் தடுத்தது. வணிகம் அடுத்த எண்ணைக் கொடுத்தது. மானுக்கு ஏதும் மாறவில்லை. பட்டாளத்துக்குரிய .303 குடிமக்களுக்கு மறுக்கப்பட்டபோதும் இவ்வாறே .315 விளையாட்டு ரைபிள் அவ்விடத்தை நிரப்பியது. இரும்புக் குழலின் அளவை மட்டும் நோக்கும் விதி, அதன் பின்னிற்கும் மனிதனைக் காணாது என்பதற்கு இவை சான்றுகள்.

நம் பெங்களூரிலேயே வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) தம் .405 வின்செஸ்டர் ரைபிளால் சவளகிரி முதலிய ஊர்களை அச்சுறுத்திய ஆட்கொல்லி விலங்குகளைக் கொன்றதை நூல்களாக எழுதிப் புகழ் பெற்றார். அவரும் பிற்காலத்தில் துப்பாக்கியை விடுத்துப் புகைப்படக் கருவியோடு காடு சென்றார். வலிமை கைவரப் பெற்றவனே அதனைக் கீழே வைப்பது அன்றோ பெருமை!

விடுதலை பெற்ற இந்தியா முதன்முதலாக விலங்கை முன்னிட்டுச் சிந்தித்தது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலாகும். அது வேட்டையை அன்று முற்றிலும் விலக்கவில்லை. புள்ளிமானும் கடமானும் உரிமம் பெற்று வேட்டையாடத்தக்க பெருவிலங்குகளாக இருந்தன. ஆனால் 17ஆம் பிரிவில் அருமையான நிபந்தனைகள் இருந்தன: பெருவிலங்கை ரைபிளால் மட்டுமே சுடலாம், ரவைத் துப்பாக்கியாயின் ஒற்றைக் குண்டுடன், தனி அனுமதி பெற்று, வண்டியிலிருந்து சுடலாகாது, இரவிலும் செயற்கை விளக்கொளியிலும் கூடாது, நீர்த்துறையிலும் உப்பு மண்ணுள்ள இடத்திலும் மறைந்து கொல்லலாகாது. அஃதாவது, வலிய ரைபிளை அனுமதித்த அதே சட்டம், அதனை ஏந்துபவனின் கையைக் கட்டியது. இரு கட்சிகளின் நியாயமும் அதில் இணைந்தன.

ஆயினும் காடு சுருங்கிற்று. உரிமத்தைப் போர்வையாக்கிய கள்ள வேட்டை நிற்கவில்லை. 1991ஆம் ஆண்டின் திருத்தம் வேட்டை உரிமங்களையே ஒழித்தது. 17ஆம் பிரிவும் ஏட்டிலிருந்து நீங்கியது. எந்த ரைபிள் என்ற வாதம், எந்த ரைபிளும் வேண்டா என்ற முடிவில் வந்து நின்றது.

வழக்கு முடிந்துவிட்டதா? இல்லை. காட்டோரத்து உழவன் துயரம் மெய்யானது. ஓர் இரவில் மானும் பன்றியும் புகுந்தால் அவன் ஆண்டுழைப்பு பாழாகின்றது. பொறுமை இழந்தவன் சுருக்குக் கம்பியையும் மின்கம்பியையும் வெடிகாயையும் நாடுகின்றான். இவை கொல்லும் கொலையோ ரைபிளினும் கொடியது. வழிப்போக்கனையும் யானையையும் சேர்த்து மாய்ப்பது. நகரத்தில் அமர்ந்து மானுக்கு இரங்கும் நாம், அவ்வுழவனுக்கும் இரங்கக் கடமைப்பட்டோம். பயிர்ச் சேதத்துக்கு உரிய ஈடு காலத்தில் கிடைத்தால், சுருக்குக் கம்பிகளிற் பல தாமே மறையும்.

உயிருக்கும் பயிருக்கும் கேடு விளைக்கும் விலங்கைக் கொல்லத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து வழி அனுமதிக்கச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இன்றும் இடம் தருகின்றது. அத்தகைய நிலை வருமாயின், வரலாறு நமக்குக் கற்பிப்பது மூன்று: ஒரே குண்டில் துன்பம் முடிக்கும் தக்க கருவி வேண்டும், அதனை ஏந்துபவன் பயிற்சியும் பொறுப்பும் உடையவனாக இருத்தல் வேண்டும், குண்டு இலக்கைக் கடந்தால் எங்கே போய் நிற்கும் என்பதை முன்னரே எண்ணியிருத்தல் வேண்டும். இம்மூன்றும் கூடாத இடத்தில் எவ்வகைத் துப்பாக்கியும் தகாது.

ஓரியின் அம்பு உடும்போடு நின்றது. ரைபிளின் குண்டு எங்கே நிற்கும் என்பதை எய்பவன் அறிய வேண்டும். நம் பிள்ளைகள் பன்னேர்கட்டாவிலும் பந்திப்பூரிலும் புள்ளிமான் கூட்டத்தைக் கண்டு மகிழும்போது, அந்தக் காட்சிக்குப் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வழக்கு உண்டு என்பதையும் பெற்றோர் எடுத்துரைப்பார்களாக.

வாழ்க தமிழ்! வளர்க உயிரிரக்கம்!