துலாவும் எண்ணெயும்: யாழ்ப்பாணக் கிணறுகளின் வரலாற்றில் ஓர் ஏடு

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் யாழ்ப்பாணக் குடாநாடு. வழுக்கியாறு என நாம் பெருமையுடன் கூறுவதும் மாரிக்காலத்தில் மட்டும் நீரோடும் வாய்க்காலேயாம். ஆயினும் இந்நிலத்திலே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் தலைமுறை தலைமுறையாக விளைந்து வந்துள்ளன. அவ்விளைவுக்கெல்லாம் ஆதாரமாய் நின்றது கிணறு. கிணற்று நீரை மேலே கொணர்தற்கு ஓர் ஆற்றல் வேண்டும். அவ்வாற்றல் காலந்தோறும் மாறிய வகையினையும், அம்மாற்றம் நிலத்தடி நீரை என் செய்தது என்பதையும் ஈண்டு நோக்குவாம்.

முதற்கண் அந்நீரின் இயல்பை அறிதல் வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை, மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே இறங்குகின்றது. நன்னீர் உவர்நீரினும் இலேசானது. ஆதலின் அது கீழேயுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலார் கண்ட விதி. இதன் மறுபக்கமே அஞ்சத்தக்கது. மேலே 1 அடி குறையுமாயின், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 அடி உயர இடமுண்டு. புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேலே இனிய நீரும் ஆழத்தே உவர்நீரும் இருத்தலை நம்மவர் நெடுங்காலமாக அறிவர்.

இத்தகைய நீரை முன்னோர் துலாவினால் இறைத்தனர். ஆடுகாலின்மேல் கிடத்திய நெடுமரத்தில் ஆட்கள் முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பர். கிணற்றடியில் நிற்பவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலிற் கவிழ்ப்பர். தோட்டத்திலே ஒருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். விடியுமுன் தொடங்கும் இவ்விறைப்பு வெயில் ஏறியதும் ஓயும். ஆளின் களைப்பே நீரின் காவலாயிருந்தது எனலாம். பின்னர், இரவெல்லாம் கிணறு தானே ஊறி நிரம்பும். ஆயினும் அக்காலத்தைப் பொற்காலமெனப் போற்றுவாருடன் நாம் உடன்படுதற்கில்லை. துலா மிதித்து உடல் தேய்ந்தோருட் பலர் நிலமற்ற கூலியாளர். ஒடுக்கப்பட்ட சாதியினராய்ப் பிறந்தோர், பிறர் தோட்டத்துக்கு நீர் இறைக்கலாம். அவர்தங் கிணற்றிலே தம் குடிநீரைத் தாமே அள்ளுதல் மறுக்கப்பட்டிருந்தது. இயந்திரம் வந்தபோது அதனை வரவேற்றோர் மீது குற்றங் காண்பது எங்ஙனம்?

மண்ணெண்ணெயால் இயங்கும் இறைப்பு இயந்திரம் 1950களிலும் 1960களிலும் குடாநாடெங்கும் பரவிற்று. 1970இன் பின் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபொழுது, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் விலை ஏறிற்று, தோட்டங்கள் பெருகின, இயந்திரங்களும் பெருகின. நாள் முழுதும் துலா மிதித்து இறைத்த நீரை இயந்திரம் சில மணி நேரத்திற் கொட்டிவிடும். அத்துடன் இரசாயனப் பசளையும் சேர்ந்தமையால், பல கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லையை விஞ்சிய நைத்திரேற்று காணப்படலாயிற்று. கரையோரக் கிணறுகள் சில உவர்ப்பாயின.

1990ஆம் ஆண்டின் பின் போர்க்காலத் தடையினால் எரிபொருள் அரும்பொருளாயிற்று. மண்ணெண்ணெய்யைத் துளி துளியாக எண்ணி விளக்கேற்றிய அக்காலத்தை மூத்தோர் மறந்திலர். பல இயந்திரங்கள் ஓய்ந்தன. மூலையிற் கிடந்த துலாக்கள் சில மீண்டும் ஆடின.

போர் இறுதிக்கட்டத்தை அடைந்த காலத்திலும் அதன் பின்னரும் சுன்னாகத்தில் எண்ணெயை எரித்தே மின்சாரம் ஆக்கப்பட்டது. அச்சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். 2015இல் வழக்குகள் எழுந்தன. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் உயர் நீதிமன்றம், மின்னிலையத்தை நடாத்திய கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. சுண்ணாம்புக்கல் நீரை வடிகட்டாது. வெடிப்பினூடே விரைந்து செல்லவிடும். ஆதலின் ஓரிடத்திற் சிந்திய நஞ்சு அவ்விடத்தோடு நிற்பதில்லை.

இனி உலகளாவிய கேட்டினை நோக்குவாம். வளியிற் காபனீரொட்சைட்டு, கைத்தொழிற் புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காயிருந்தது. இன்று 420ஐக் கடந்துவிட்டது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சதமமீற்றர் உயர்ந்தது. பிற நாடுகளில் எரிந்த நிலக்கரியும் எண்ணெயும், தாழ்ந்து தட்டையான நம் நிலத்தின் அடியிலே உவர்நீரை மேலே தள்ளுகின்றன. மேலிருந்து நாமும் இறைக்கின்றோம்.

சூரிய ஒளியால் இயங்கும் இறைப்புப் பொறியே இதற்குத் தீர்வெனப் பலர் கூறுவர். புகையும் எண்ணெய்க் கசிவும் ஒழியும் என்பது மெய். எனினும் துலாவுக்குக் களைப்பும் இயந்திரத்துக்கு எண்ணெய் விலையும் எல்லையிட்டன, வெயிலுக்கு விலையில்லை. காலை முதல் மாலை வரை ஓடும் அப்பொறியை நிறுத்துவது யார்? இவ்வினாவுக்கு விடை காணாது பொறிகளை மட்டும் மாற்றுதல் ஆபத்தானது என்பது எமது கருத்து.

இறைப்பதைவிடத் தேக்குவதைச் சிந்தித்தோரும் இருந்தனர். 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னுந் திட்டத்தை வெளியிட்டார். ஆனையிறவுக் கடல்நீரேரியை அணையிட்டு மறித்து, கனகராயன் ஆற்றின் வெள்ளத்தை அங்கே தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்குக் கொணர்ந்து, நிலத்தடி நீரை நன்னீராக்குவது அதன் நோக்கம். வேலைகள் தொடங்கின, பாதியில் நின்றன. மாரி வெள்ளத்தின் பெரும்பகுதி கடலையே சேர்ந்தது.