ஏழு ஹோம் ரன் குறைந்தால் என்ன?

பேஸ்பால் நமக்கு அந்நிய ஆட்டம்தான். ஆனால் ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் பெரிய ஆளா, சுமாரான ஆளா என்று அடித்துக்கொள்வது நமக்குப் புதுசில்லை. கவாஸ்கரா விஸ்வநாத்தா என்று டீ ஆறிப்போகும்வரை பேசியவர்கள்தானே நாம்! அமெரிக்காவில் அப்படி ஒரு சண்டை பதினெட்டு வருஷம் ஓடியது. அதன் நாயகன் ஃப்ரெட் மெக்ரிஃப்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வேலியைத் தாண்டிப் பந்தை அடித்தால் அது ஹோம் ரன். நம்ம சிக்ஸர் மாதிரி, ஆனால் அதைவிட அரிது. 500 ஹோம் ரன் அடித்துவிட்டால் நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் நிச்சயம் என்று வெகுகாலம் ஒரு நம்பிக்கை இருந்தது. மெக்ரிஃப் 2004 ஜூலையில், 40 வயதில், தன் சொந்த ஊரான டாம்பாவின் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அதுவே அவர் கடைசி ஆட்டமாகிப் போனது. அப்போது கணக்கு 493.

ஏழு குறைச்சல். அவ்வளவுதான்.

தேர்வு நடக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷ அனுபவமுள்ள பேஸ்பால் எழுத்தாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஒருவர் அதிகபட்சம் பத்துப் பெயரைத்தான் குறிக்கலாம். 75 சதவீதம் வாங்கினால் உள்ளே. 2010ல் மெக்ரிஃபுக்குக் கிடைத்தது 21.5 சதவீதம். 2014ல் 11.7க்கு இறங்கியது. அதே வருஷம், பட்டியலில் 15 வருஷம் இருக்கலாம் என்ற விதியை 10 ஆகக் குறைத்தார்கள். கடைசி வாய்ப்பான 2019ல் 39.8. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் ஒருமுறைகூட லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வாங்கியதில்லை. தடுப்பாட்டத்தில் சாதாரணம். 19 வருஷம் சீராக ஆடினார், ஆனால் எல்லோரையும் வாய்பிளக்க வைத்த வருஷம் என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம். நல்ல ஆட்டக்காரர் வேறு, மகத்தான ஆட்டக்காரர் வேறு என்பது அவர்கள் கட்சி.

என் கட்சி வேறு. அந்த 493ஐ அது வந்த காலத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதல் விஷயம், 1994. அந்த வருஷம் மெக்ரிஃப் அட்லாண்டா அணியில் இருந்தார். 113 ஆட்டத்தில் 34 ஹோம் ரன். ஆகஸ்ட் 12ல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. மிச்ச சீசன் போனது, அந்த வருஷ வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. 162 ஆட்டம் நடக்க வேண்டிய சீசனில் அட்லாண்டா ஆடியது 114. அடுத்த வருஷமும் 144 ஆட்டமாகச் சுருங்கியது. மூன்று ஆட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அடித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த ஆட்டங்கள் நடந்திருந்தால் ஏழு என்ன, அதற்கு மேலேயே வந்திருக்கும். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடந்த சம்பளத் தகராறில் போனது இவருடைய 500!

இரண்டாவது விஷயம், ஊக்கமருந்து. 1989ல் அமெரிக்கன் லீகில் மெக்ரிஃப் 36 அடித்து முதலிடம் வந்தார். 1992ல் நேஷனல் லீகில் 35 அடித்து முதலிடம். முதலிடத்துக்கு அன்று அவ்வளவு போதும். பிறகு 1998ல் மார்க் மெக்வயர் 70 அடித்தார், 2001ல் பேரி பாண்ட்ஸ் 73. மெக்வயர் ஸ்டீராய்டு எடுத்ததைப் பின்னால் 2010ல் ஒப்புக்கொண்டார். எல்லோரும் ஏணி வைத்து ஏறும்போது தரையில் நின்றவன் குள்ளமாகத்தான் தெரிவான். மெக்ரிஃப் பெயர் எந்த மருந்து விவகாரத்திலும் அடிபட்டதில்லை.

இன்னொன்று. லூ கெரிக் என்ற பழைய ஜாம்பவானும் அடித்தது சரியாக 493தான். நோய் வந்து 1939ல் ஆட்டத்தை நிறுத்தினார். அதே வருஷம் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னும் ஏழு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கெரிக் மெக்ரிஃபைவிடப் பெரிய ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. நான் சொல்ல வருவது, 493 என்ற எண்ணில் குற்றமில்லை என்பதுதான். பிராட்மனின் சராசரி 99.94. நூறு ஆகவில்லையே என்று அவரை யாராவது ஒரு படி கீழே இறக்கினோமா?

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. கட்-ஆஃபில் அரை மார்க் போனால் பிள்ளையின் இரண்டு வருஷ உழைப்பே போய்விட்டதுபோல் பேசுகிறோம். எண் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று கேட்க ஒரு நிமிஷமாவது வேண்டாமா?

மெக்ரிஃப் விஷயத்தில் கடைசியில் கேட்டார்கள். எழுத்தாளர்கள் விட்டுவிட்டவர்களைப் பரிசீலிக்க 16 பேர் கொண்ட ஒரு குழு உண்டு. 12 ஓட்டு வேண்டும். 2022 டிசம்பரில் மெக்ரிஃபுக்கு 16க்கு 16. அதே பட்டியலில் இருந்த, 762 ஹோம் ரன் அடித்த பாண்ட்ஸுக்கு நான்கு ஓட்டுக்கூட வரவில்லை. பாண்ட்ஸ் இவரைவிடத் திறமைசாலி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரை ஒதுக்கியது சரியா என்பது தனிச் சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

2023 ஜூலையில் கூப்பர்ஸ்டவுனில் மெக்ரிஃபின் வெண்கலப் பலகையைத் திறந்தார்கள். வழக்கமாக ஆட்டக்காரரின் தொப்பியில் ஏதாவது ஒரு அணியின் சின்னம் இருக்கும். டொரண்டோ, சான் டியேகோ, அட்லாண்டா, டாம்பா, சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் என்று ஆறு அணிக்கு ஆடியவர், எதைப் போடுவது? வெறும் தொப்பியே போதும் என்றுவிட்டார். நாலு ஊரில் குடியிருந்துவிட்டு, சொந்த ஊர் எது என்று கேட்டால் ஒரு கணம் முழிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வெறும் தொப்பி கொஞ்சம் கூடவே பிடிக்கும் என்று நினைக்கிறேன்.