நிற்பாட்டுவதற்கு ஒரு திறப்பு: பழைய ஹொண்டாவும் வன்னியின் தடைக்காலமும்

பெரியப்பா தன்னுடைய மோட்டார் சைக்கிளை நிற்பாட்டுவதைப் பார்த்தால் புதுசா வாறவை சிரிப்பினம். வண்டி முற்றத்துக்கு வரும். இறங்குவார். பக்கத்தில் தொங்குகிற ஒரு வயரின் நுனியைப் பிடித்து இரும்புச் சட்டத்தில் தொடுவார். எஞ்சின் அடங்கும். சில நாளில் "சுள்" என்று கையில் அடிக்கும், கையை உதறிக்கொண்டு உள்ளே போவார். பத்து வருடத்துக்கு மேலாக அந்த ஹொண்டா சி-70 இப்படித்தான் நின்றது. ஆனால் திறப்பு அவரிடம் இருக்கிறது. சட்டைப் பையில், தேசிய அடையாள அட்டையோடு சேர்த்து, எப்போதும்.

போன வருடம் கொக்கிளாய்க்குப் போயிருந்தபோது அந்தச் சுவிச்சைத் திருத்திப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். திருத்த வெளிக்கிட்டது ஒரு சுவிச்சை. ஆனால் ஒவ்வொரு பாகமாகக் கழற்றக் கழற்ற அவர் சொன்னது முழுவதும் வன்னியின் கதை. எங்கட வரலாற்றைச் சண்டைகளையும் திகதிகளையும் வைத்தே எழுதிப் பழகிவிட்டோம். சனம் எதில் ஏறி ஓடினது, அது எப்படி ஓடினது என்று எழுதினது குறைவு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

திறப்பின் வேலை என்ன?

திறப்பைத் திருகினால் எஞ்சின் தொடங்கும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது.

பழைய மோட்டார் சைக்கிள்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பற்றரியில் இருந்து மின்சாரம் எடுத்துப் பிளக்கில் பொறி உண்டாக்குவது. ஹொண்டா சிடி-125 போன்ற பழைய இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் இந்த வகை. அங்கே சுவிச் பற்றரியையும் கொயிலையும் இணைக்கும். பற்றரி செத்தால் வண்டியும் செத்தது. மற்றது மக்னீற்றோ வகை. எஞ்சினோடு சுழலும் சக்கரத்தில் காந்தம் இருக்கும், அது சுழலும்போதே பொறிக்கு வேண்டிய மின்சாரம் பிறக்கும். ஜேர்மனியில் ரொபேர்ட் பொஷ்ஷின் தொழிற்கூடம் 1897இல் மக்னீற்றோவை மோட்டார் வாகனத்துக்குக் கொண்டுவந்தது. அங்கே வேலை செய்த கொட்லொப் ஹொனோல்ட் 1902இல் உயர் அழுத்த மக்னீற்றோவையும் ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். அதற்குப் பிறகு கனகாலம் மோட்டார் சைக்கிள்களில் அதுதான் ஆட்சி.

சி-50, சி-70 போன்ற சின்ன ஹொண்டாக்கள் இந்த இரண்டாவது வகை. காலால் உதைத்தால் போதும், பற்றரி வேண்டாம். அப்படியென்றால் திறப்பு எதற்கு? பற்றவைப்பு வயரைப் பூமியோடு, அதாவது வண்டியின் உடம்போடு, இணைத்துப் பொறியைக் கொல்வதற்கு. ஹொண்டாவில் பச்சை வயர்தான் பூமி. திறப்பு 'ஓஃப்' நிலையில் இருக்கும்போது உள்ளே இரண்டு வயரும் ஒட்டியிருக்கும். 'ஓன்' செய்தால் பிரியும். ஆக, இந்தத் திறப்பின் வேலை எஞ்சினைத் தொடக்குவது அல்ல, நிற்பாட்டுவது. சுவிச்சை அப்படியே பிடுங்கி எறிந்தாலும் வண்டி ஓடும். ஆனால் நிற்காது. பெரியப்பா வயரால் செய்துகொண்டிருந்தது சுவிச்சின் வேலையைத்தான்.

மண்ணெண்ணெயில் ஓடின காலம்

ஹொண்டா நிறுவனம் 'சுப்பர் கப்' வரிசையை 1958இல் தொடங்கியது. 2017இல் அந்த வரிசையின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. ஜப்பானில் தபால்காரருக்கென்று அதே வரிசையில் செய்த எம்டி-90 பாவித்த வண்டியாக எங்கட ஊர்களுக்கும் வந்து, பிறகு வன்னியின் அடையாளங்களில் ஒன்றானது. உலகம் முழுக்க ஓடின வண்டிதான். ஆனால் எங்கட இடத்தில் அது ஓடின விதம் வேறு.

1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் என்று பட்டியல் நீளும். பற்றரி தடைப்பொருளானபோது பற்றரி வகை மோட்டார் சைக்கிள்கள் பல மூலையில் படுத்தன. வானொலி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றின காலம் அது. உதைத்தால் பொறி தருகிற சின்ன ஹொண்டாவுக்கு அப்போதுதான் மதிப்புத் தெரிந்தது.

பெற்றோலுக்கு என்ன செய்வது? மண்ணெண்ணெய். ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில், சில இடங்களில் சேலைன் போத்தலில், கொஞ்சப் பெற்றோலைக் கட்டித்தொங்கவிட்டு அதில் எஞ்சினைத் தொடக்குவார்கள். சிலர் ஊசிக்குழாயால் காபரேற்றருக்குள் சில துளி விடுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை, தெரு முழுக்க மணம்.

"தொடக்கிறது கஷ்டமில்லை தம்பி. நிப்பாட்டிறதிலதான் விசயம் இருக்கு" என்றார் பெரியப்பா. மண்ணெண்ணெயில் ஓடும்போதே நிற்பாட்டினால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நிற்கும். அடுத்த முறை உதைத்து உதைத்துக் கால்தான் போகும். ஆகவே வீடு வரக் கொஞ்சத் தூரம் இருக்கும்போதே பெற்றோல் போத்தலுக்கு மாற்ற வேண்டும். இன்னொரு சிக்கலும் இருந்தது. மண்ணெண்ணெயால் எஞ்சினுக்குள் கரி படியும். கரி சிவக்கச் சூடேறினால், திறப்பை ஓஃப் பண்ணின பிறகும் எஞ்சின் பொறி இல்லாமலே சில விநாடி இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு துளி பெற்றோலுக்குக் கணக்குப் பார்த்த காலத்தில் திறப்பைத் திருகுகிற நேரத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. பெற்றோல் வந்தது, பற்றரி வந்தது, புது வண்டிகளும் வந்தன. 2006 ஓகஸ்ற்றில் பாதை மறுபடி பூட்டுப்பட்டது. போத்தல்கள் திரும்பவும் வெளியே வந்தன.

வண்டி இல்லாத திறப்பு

கொக்கிளாய் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் உள்ள ஊர். முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கு அந்தம். களப்பு வாய்க்கு அங்கால புல்மோட்டை, அது திருகோணமலை மாவட்டம். 1984 டிசம்பரில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய்ச் சனம் ஊரைவிட்டு எழும்பியது. திரும்பி வரக் கால் நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. பெரியப்பா அந்த ஹொண்டாவை வாங்கியதே இடம்பெயர்ந்து அளம்பிலில் இருந்த காலத்தில்தான். ஊரில் அது ஒருநாளும் ஓடியிருக்கவில்லை.

2009 ஜனவரியில் கிளிநொச்சியும் பிறகு முல்லைத்தீவு நகரமும் இராணுவத்தின் கையில் போனபின், சனம் வண்டில், உழவு இயந்திரம், சைக்கிள், மோட்டார் சைக்கிள் என்று கிடைத்ததில் சாமானை ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஒதுங்கியது. ஒவ்வொரு இடமாக நகர நகரச் சாமான் குறைந்தது. கடைசியில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் மணலில் விடுபட்ட வாகனங்களின் படங்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவற்றுள் ஒன்று பெரியப்பாவின் வண்டி. "பூட்டிப்போட்டுத்தான் வந்தனான்" என்று இன்றைக்கும் சொல்வார். பெரியம்மா சிரிப்பா: "ஷெல் விழுது, இந்த மனுசன் வண்டியப் பூட்டுது."

செட்டிக்குளம் முகாமில் இருந்த மாதங்களில் அவரிடம் இருந்தது திறப்பு மட்டும். முகாமிலிருந்து வந்தபின், குவித்து வைத்திருந்த வாகனங்களுக்குள் தேடி, செசி இலக்கத்தை வைத்துத் தன்னுடையதைக் கண்டுபிடித்தார். இருக்கை இல்லை, கண்ணாடி இல்லை. திறப்புத் துவாரத்துக்குள் யாரோ திருகாணி முறுக்கியை விட்டுக் கிண்டியிருந்தார்கள். சுவிச்சின் வயர்கள் பிடுங்கப்பட்டிருந்தன. அதாவது அவர் பூட்டிய பிறகு யாரோ அதை ஓட்டியிருக்கிறார்கள். தப்பி ஓடின ஒருவராக இருக்கலாம். காயப்பட்ட ஆரையும் ஏற்றினவராக இருக்கலாம். பெரியப்பாவுக்கு அதில் கோபமில்லை. "ஆருக்கோ உதவியிருக்கு" என்பதோடு சரி.

திருத்தம்

கடைக்காரர் சொன்னது நியாயம்தான்: "புது சுவிச் போடுங்கோ, திறப்போட வரும்." அது மலிவு, வேலையும் குறைவு. ஆனால் புது சுவிச்சுக்குப் புதுத் திறப்பு. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு விளங்கியது.

முதலில் பற்றரி வயரைக் கழற்றினோம். சுவிச்சின் பின்தட்டைச் சின்னக் காதுகள் பிடித்திருக்கும். மெதுவாக நிமிர்த்தித் திறக்க வேண்டும். உள்ளே ஒரு சுருள்வில்லும் குண்டும் இருக்கும், அவசரப்பட்டால் பறந்து மணலுக்குள் போய்விடும். பித்தளைத் தொடுமுனைகள் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தன. கடல் உப்புக்காற்று செய்த வேலை. இந்தக் களிம்பு மின்சாரத்தை மறிக்கும். ஆறு வோல்ட் வண்டியில் அந்த மறிப்பு இன்னும் கூடத் தெரியும். காரணம், ஒரே 25 வாட் பல்ப் எரிய 12 வோல்ட்டில் இரண்டு அம்பியர் போதும், ஆறு வோல்ட்டில் நாலுக்கு மேல் வேண்டும். பழைய வண்டிகளின் லைற் மங்கலுக்குப் பல நேரம் பற்றரியல்ல, சுவிச்தான் காரணம். நைசான எமரிப் பேப்பரால் உரசி, பெற்றோலால் கழுவி, கொஞ்சம் வசிலின் பூசினோம். முறிந்த முனைகளுக்குப் புது வயர் வைத்து ஈயம் ஒட்டினோம்.

பூட்டுத்தான் கஷ்டம். உள்ளே மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். சரியான திறப்பு போனால் எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு இறங்கும், உருளை சுழலும். கிண்டினதில் இரண்டு தகடு வளைந்திருந்தன. அவற்றை எடுத்துவிட்டோம். பாதுகாப்புக் கொஞ்சம் குறையும், ஆனால் பழைய திறப்புச் சுழலும்.

பூட்டி உதைத்தோம். எஞ்சின் பிடிக்கவில்லை. திறப்பை ஓஃப் பண்ணி உதைத்தால் பிடித்தது! சுழலும் தகட்டை நான் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். திரும்பக் கழற்றி, இந்த முறை மல்ரிமீற்றரால் பார்த்துப் பூட்டினேன். ஓஃப் நிலையில் பற்றவைப்பு வயரும் பச்சை வயரும் சேர வேண்டும், ஓன் நிலையில் பிரிய வேண்டும். இதைப் பூட்டுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

உதைத்தார். பிடித்தது. கொஞ்சநேரம் ஓடவிட்டார். பிறகு திறப்பைத் திருகினார். நின்றது. மறுபடி உதைத்து மறுபடி நிற்பாட்டினார். அப்படி நாலைந்து தரம். கடைசியில் திறப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இனிப் பூட்டிப்போட்டுப் போகலாம்" என்றார்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று, கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் வாங்கினபோது, இப்படி ஒரு தட்டுப்பாடு முதன்முறை என்று தெற்கில் பலர் எழுதினார்கள். எங்கட கராஜ்களில் வேலை செய்த வயதானவர்களுக்கு அது முதன்முறை அல்ல. அவர்களின் கைகளில் ஒரு தொழில்நுட்ப வரலாறு இருக்கிறது. அதற்கு நூலும் இல்லை, நூதனசாலையும் இல்லை. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கட வீட்டில் ஒரு பழைய வண்டியோ, வண்டி இல்லாத திறப்போ இருந்தால், அதை வைத்திருப்பவரிடம் கேளுங்கோ. கேட்டதை எழுதி வையுங்கோ.

பெரியப்பா இப்போதும் இறங்கினதும் கையை அந்த வயர் பக்கம் கொண்டுபோகிறார். பிறகுதான் திறப்பு ஞாபகம் வருகிறது.